பெண் பிள்ளைகளின் ஓட்டத்தை நிறுத்தாதீர்கள்: எங்கள் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

தாளாளர் ஐயா அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகப் பொறுப்பாளர்களுக்கும்,

ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் மாணவிகளுக்கு இந்த ஆண்டு உடற்கல்விப் பாடவேளை கிடையாது, காலைப் பயிற்சியும் கிடையாது, மைதானத்தின் கிழக்கு ஓரத்தில் பள்ளி வேன்களுக்கு ஷெட் போடப்படும் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையில், உடற்கல்வி ஆசிரியையான என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். படித்தேன் என்பதற்காகப் போட்டேன். ஒப்புக்கொண்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நேரில் பேச நேரம் கேட்டபோது பொதுத்தேர்வு முடியட்டும் என்றீர்கள். அதற்குள் ஷெட்டுக்குக் குழி தோண்டிவிடுவார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

சுற்றறிக்கையில் இரண்டு காரணம் சொல்லியிருக்கிறீர்கள். ஒன்று பொதுத்தேர்வு, இன்னொன்று மாணவிகளின் பாதுகாப்பு. தேர்வு பையன்களுக்கும் உண்டு. அவர்களுக்கு வாரம் ஒரு பாடவேளையை விட்டு வைத்திருக்கிறீர்கள், சாயங்காலக் கிரிக்கெட்டும் நடக்கிறது. நடக்கட்டும், அதைப் பிடுங்கச் சொல்ல மாட்டேன். அதே தேர்வை எழுதப்போகும் பெண் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் இந்தச் சட்டம் என்று சுற்றறிக்கையில் ஒரு வரி கூட இல்லை.

பாதுகாப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். காலையில் மாணவிகள் ஓடும்போது ரோட்டுப் பக்கம் சிலர் நின்று போனில் படம் எடுக்கிறார்கள் என்று ஒரு பெற்றோர் புகார் கொடுத்தார். புகார் உண்மைதான். அவருக்கு முன்பே அதை உங்களிடம் எழுதிக் கொடுத்தவள் நான். மழையில் இடிந்த சுற்றுச்சுவரை இன்னும் எடுத்துக் கட்டவில்லை. தகரம் வைத்து மறைத்திருக்கிறது, அந்தத் தகரமும் பாதி சாய்ந்து கிடக்கிறது. அந்த இடைவெளியில்தான் அவர்கள் நிற்கிறார்கள். சுவரைக் கட்டுங்கள், அதுவரை காலையில் காவலாளியை அந்தப் பக்கம் நிறுத்துங்கள் என்று கேட்டிருந்தேன். சுவர் வரவில்லை. காவலாளியும் வரவில்லை. படம் எடுத்தவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓடிய பிள்ளைகளைத்தான் உள்ளே போகச் சொல்லிவிட்டீர்கள். ஷெட் போடப் பணம் இருக்கிறதென்றால் சுவர் கட்டவும் இருந்தாக வேண்டும்.

அடுத்தது கிழக்கு ஓரம். அங்கே என்ன இருக்கிறது என்று குழுவில் பலருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் நீங்கள் மைதானத்தைப் பார்ப்பது ஆண்டு விழா நாளில், பந்தல் போட்ட பிறகு. எங்கள் மைதானத்தில் 400 மீட்டர் வட்டம் போட இடம் கிடையாது. சுண்ணாம்புக் கோடு போட்டு 200 மீட்டர் வட்டம்தான் வைத்திருக்கிறோம், வளைவு ரொம்பக் குறுகல். நேராக 100 மீட்டர் ஓட முடிகிற ஒரே இடம் அந்தக் கிழக்கு ஓரம். அதுவும் 100 மீட்டர் ஓட்டத்துக்கு 100 மீட்டர் நிலம் போதாது. முழு வேகத்தில் கோட்டைத் தாண்டுகிற பிள்ளை சட்டென்று நிற்க முடியாது, நின்றால் தொடைத் தசை போய்விடும். இன்னும் 20 மீட்டராவது விட வேண்டும். ஒரு முனையில் ஷெட் வந்துவிட்டால் எங்களுக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 70 மீட்டர். 70 மீட்டரில் ஸ்டார்ட் சொல்லித்தரலாம். பந்தயம் சொல்லித்தர முடியாது. பள்ளிப் பிள்ளைகள் 100 மீட்டரில் தோற்பதெல்லாம் கடைசி 30 மீட்டரில். வேகம் குறைய ஆரம்பிக்கும்போது பல்லைக் கடித்துத் தோளை இறுக்கிக்கொள்வார்கள், அடி குறுகிவிடும். அந்த இடத்தில் உடம்பைத் தளர்வாக வைத்து ஓடப் பழக்குவதுதான் என் வேலையில் பாதி. அந்த 30 மீட்டர் மேல்தான் நீங்கள் வேன் நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

வேனுக்கு இடம் இல்லாமல் இல்லை. முன்வாசல் பக்கம் பழைய சைக்கிள் ஸ்டாண்டு சும்மா கிடக்கிறது. மழைத் தண்ணீர் தேங்கும், நாலு லோடு மண் கொட்டி மேடாக்க வேண்டும், அவ்வளவுதான். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஒரு பள்ளிக்கு இருக்க வேண்டியவை என்று எழுதியிருக்கிற பட்டியலில் விளையாட்டு மைதானமும் ஒன்று. அந்தச் சட்டம் எட்டாம் வகுப்பு வரைதான் என்பீர்கள், நம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளும் இதே மைதானத்தில்தான் ஓடுகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இப்போது ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். ஏற்காட்டிலிருந்து இன்னும் உள்ளே போகிற மலைக்கிராமம் அவளுக்கு. கன்னங்குறிச்சியில் சித்தி வீட்டில் தங்கி நம்மிடம் ஒன்பதாவது படிக்கிறாள். போன வருஷம் குறுவட்டப் போட்டியில், அதாவது சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு இடையிலான முதல் கட்டப் போட்டியில், 100 மீட்டரில் இரண்டாவதாக வந்தவள். பள்ளியில் கால் ஊன்றிக் கிளம்புகிற ஸ்டார்ட்டிங் பிளாக் கிடையாது, ரிலே குச்சிகூட பி.வி.சி. பைப்பை அறுத்து வைத்திருப்பதுதான். அதனால் பழைய வழக்கப்படி மண்ணில் குழி எடுத்துக்கொள்கிறோம். கோட்டிலிருந்து இரண்டு பாதம் அளந்து முன்காலுக்கு ஒரு குழி, மூன்று பாதம் அளந்து பின்காலுக்கு ஒரு குழி. ‘செட்’ சொன்னதும் இடுப்பு தோளுக்குச் சற்று மேலே எழும்ப வேண்டும். அது அவளுக்குச் சரியாக வரும். விசில் அடித்ததும் இரண்டாவது அடியிலேயே நிமிர்ந்து நின்றுவிடுவாள், அங்கேயே ஓட்டம் போச்சு. எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அப்புறம் கோட்டுக்கு முன்னால் வரிசையாகச் சுண்ணாம்புப் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு புள்ளியாகக் கண்ணால் பிடித்துக்கொண்டே ஓடு, அடுத்த புள்ளி வரும்வரை தலையைத் தூக்காதே என்றேன். கண் தரையில் இருந்தால் தலை தாழ்ந்திருக்கும், உடம்பு மெல்ல மெல்லத்தான் நிமிரும். ஒரு நாள் காலையில் அது பிடிபட்டுவிட்டது. ஓடி முடித்துத் திரும்பி நடந்து வந்தவள், “மிஸ், இப்பத் தரை பின்னாடி போற மாதிரி இருந்துச்சு” என்றாள். சரியாக ஓடியவர்களுக்கு மட்டும்தான் அப்படித் தோன்றும். நான் சொல்லிக்கொடுத்து வந்த வார்த்தை இல்லை அது.

சுற்றறிக்கை வந்த மறுநாளும் அவள் விடிகாலையில் வந்திருக்கிறாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. கேட் பூட்டிக் கிடந்தது.

நானும் ஏற்காட்டுப் பக்கம்தான். அப்பா காபி எஸ்டேட்டில் கூலி வேலை. மிளகு பறிக்கும் காலத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சார்த்தி ஏறுவார். அம்மா காபிப்பழம் பறிப்பார். ஆறாவது படிக்க என்னைக் கீழே சேலத்துக்கு அனுப்பி விடுதியில் விட்டார்கள். மேட்டில் ஏறி இறங்கிப் பழகிய கால். அதைப் பார்த்து, “கண்ணு, உனக்கு முட்டி நல்லா எழும்புது, சாயங்காலம் நில்லு” என்று கூப்பிட்டவர் அந்தப் பள்ளியின் பி.டி. டீச்சர். அவரிடம் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் எல்லாம் கற்றேன். பத்தாவது படிக்கும்போது நான்கு பேர் கொண்ட 100 மீட்டர் தொடர் ஓட்டத்தில் மாவட்டத்தில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குப் போக வேண்டியிருந்தது. அந்த வருஷம் டீச்சருக்கு மாறுதல் வந்தது, அந்த இடத்துக்கு வேறு யாரையும் போடவில்லை. மாணவிகளை வெளியூர் அழைத்துப்போக ஒரு பெண் ஆசிரியை துணைக்கு வர வேண்டும். பத்தாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்கு எதற்கு இதெல்லாம் என்று யாரும் வர முன்வரவில்லை. பெயரை எடுத்துவிடச் சொல்லிப் பள்ளியிலிருந்தே கடிதம் போனது. போட்டி நடந்த அன்று நாங்கள் நான்கு பேரும் வகுப்பில் ரிவிஷன் டெஸ்ட் எழுதினோம்.

எங்கள் நால்வரில் முதல் வளைவு ஓடியவள்தான் வேகக்காரி. என்னைவிட நல்ல ஓட்டம். பத்தாவதோடு அவளுக்குப் பள்ளியும் நின்றுவிட்டது, இப்போது வெள்ளிப் பட்டறையில் கொலுசு பற்றவைக்கிறாள். உழைத்துப் பிழைக்கிறாள், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவள் எதுவரை போயிருப்பாள் என்று யாருக்கும் தெரியாமலே போய்விட்டது. அவளுக்கு வேகம் இருந்தது. அவள் அப்பா அனுப்பத் தயாராக இருந்தார். துணைக்குப் போக ஒரு ஆள் இல்லை, அது ஒன்றுதான் குறை.

நான் உடற்கல்வி ஆசிரியை ஆனது அதனால்தான். கல்லூரியில் ஓடினேன். 100 மீட்டரில், கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச் கணக்கில், 12.6 விநாடி வரை வந்தேன். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குத் தயாராகும்போது தொடையின் பின்தசை கிழிந்தது. உடனே வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அழுத்தித் தேய்த்துவிட்டார்கள். கிழிந்த தசையை முதல் இரண்டு மூன்று நாள் தேய்க்கவும் கூடாது, சூடு வைக்கவும் கூடாது என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. பழைய வேகம் அப்புறம் திரும்பவில்லை. உடற்கல்விப் பட்டமான பி.பி.எட். முடித்தேன், கல்யாணம் ஆனது, பிள்ளை பிறந்தது. பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் பாட்டியாலாவில் இருக்கிற என்.ஐ.எஸ். என்ற தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் நடத்தும் ஆறு வாரச் சான்றிதழ்ப் பயிற்சிக்குப் போய் வந்தேன். ஓடத் தெரிவது வேறு, இன்னொரு பிள்ளையின் ஓட்டத்தில் கோளாறு எந்த அடியில் இருக்கிறது என்று பார்க்கத் தெரிவது வேறு. அதை அங்கேதான் படித்தேன்.

அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் இந்தப் பள்ளியில் இப்போது செய்வது என்ன? காலை வழிபாட்டில் வரிசை நிறுத்துகிறேன். சடை இரட்டையாகப் பின்னியிருக்கிறதா, ஷூ பாலிஷ் போட்டிருக்கிறதா என்று பார்க்கிறேன். தாமதமாக வந்தவர்களை வாசலில் நிற்க வைக்கிறேன். லீவு போட்ட ஆசிரியர்களின் வகுப்பில் போய் உட்காருகிறேன். சுற்றறிக்கைக்குப் பிறகு, என் பாடவேளைகளில் கணக்கு ஸ்பெஷல் கிளாஸ் நடக்கும்போது பின்வரிசையில் உட்கார்ந்து சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் எனக்கு வந்திருக்கிறது.

நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினார். அப்புறம் டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். ஆண்டு விழா மேடையில் அவர் பெயரைத் தவறாமல் சொல்கிறீர்கள், கேட்கும்போது எனக்கும் பெருமையாக இருக்கிறது. அவரிடம் இருந்த திறமையைப் பள்ளியில் கண்டுபிடித்து ஊக்கம் கொடுத்தவர் ஓர் உடற்கல்வி ஆசிரியர். அந்த ஆசிரியரை அவர் பள்ளி கணக்கு வகுப்பில் உட்கார வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மேடையில் யாரும் பேசுவதில்லை.

பெண் பிள்ளைகள் கதையும் அதுதான். மதுரைப் பக்கத்து ரேவதி வீரமணி, அப்பா அம்மா இல்லாமல் பாட்டியிடம் வளர்ந்தவர். பள்ளிக் காலத்தில் ஒரு போட்டியில் வெறுங்காலோடு ஓடியதைப் பார்த்துத்தான் பயிற்சியாளர் கண்ணன் அவரைக் கூப்பிட்டார். பாட்டி தயங்கினார். பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆண் பெண் கலந்த 400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அதே அணியில் திருச்சி சுபா வெங்கடேசனும் இருந்தார். கோவை வித்யா ராம்ராஜ் 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 விநாடியில் ஓடினார். 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலத்தை விட்டாரே, அன்றைக்கு அவர் ஓடிய நேரமும் அதேதான். அதை இன்னொரு இந்தியப் பெண் தொட 39 வருஷம் ஆகியிருக்கிறது. பாதி வழியில் மைதானத்தை விட்டு இறக்கப்பட்ட பிள்ளைகள் இந்த 39 வருஷத்தில் எத்தனை பேரோ, என் வெள்ளிப் பட்டறைத் தோழியைப்போல.

ஓடி முடித்த பெண்கள் திரும்பி வந்து சொல்லித்தருவதால்தான் இந்தச் சங்கிலி அறாமல் இருக்கிறது. உஷா கேரளத்தில் பெண் பிள்ளைகளுக்கென்று தடகளப் பள்ளி நடத்தினார், 800 மீட்டர் ஓட்டக்காரி டின்டு லூக்கா அங்கிருந்து வந்தவர். நம் புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனுக்கு 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் கிடைத்த வெள்ளியை, பாலினச் சோதனையைக் காரணம் காட்டிப் பறித்தார்கள். செங்கல் சூளையில் வேலை செய்யும் நிலைமை வந்தது. அவமானம் அத்தனையும் தாங்கிக்கொண்டு, பயிற்சியாளர் படிப்புப் படித்து, தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்க வந்து நின்றார். அந்த அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லை, எனக்குத் தெரியும். ஒரு பள்ளிக்கூடத்து மைதானத்தில் அதே வேலையைச் செய்யத்தான் கேட்கிறேன்.

மைதானத்தில் ஒரு பெண் இருப்பதால் என்ன கிடைக்கிறது என்று கேட்டால், பதக்கத்தை விட்டுவிட்டே சொல்கிறேன். “மிஸ், இன்னைக்கு முடியாது” என்று ஒரு பிள்ளை காதோரம் சொன்னால் எனக்குப் புரியும். அன்றைக்கு என்ன செய்யலாம், என்ன வேண்டாம், வலி இல்லாவிட்டால் ஓடுவதில் தப்பே இல்லை என்று சொல்ல முடியும். எங்கள் ஆண் ஆசிரியர்கள் நல்லவர்கள், ஆனால் அந்த வார்த்தையை அவர்களிடம் எந்தப் பிள்ளையும் சொல்லாது. இன்னொன்று, இரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை இருக்கிறது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. முந்தின மாதம் சாதாரணமாக ஓடிய இரண்டு சுற்றை இந்த மாதம் மூச்சு வாங்கி நடந்து முடிக்கிறாள் என்றால் நான் கண் இமையை இழுத்துப் பார்ப்பேன், வெளுத்திருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவேன். அப்படிப் போய் மாத்திரை வாங்கித் தேறிய பிள்ளைகள் உங்கள் பத்தாம் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களின் அம்மாக்களைக் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனம் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் நல்ல உடலுழைப்பு வேண்டும் என்கிறது. நாம் கொடுத்தது வாரத்துக்கு இரண்டு பாடவேளை. அதையும் எடுத்துவிட்டீர்கள்.

மார்க்கைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்குத் தனியாக இடம் இருக்கிறது. அதற்குத் தேவையான சான்றிதழைப் பிள்ளைகள் சம்பாதிப்பது பெரும்பாலும் நீங்கள் ஓட வேண்டாம் என்று சொல்கிற இந்த வகுப்புகளில்தான். எல்லாப் பிள்ளைக்கும் அது கிடைக்காது, தெரியும். ஸ்பெஷல் கிளாஸில் உட்கார்ந்த எல்லாப் பிள்ளைக்கும் நூறு மார்க் வருகிறதா என்ன?

நான் கேட்பதைத் தெளிவாகவே எழுதிவிடுகிறேன். ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகளுக்கு வாரம் இரண்டு உடற்கல்விப் பாடவேளையைத் திரும்பக் கொடுங்கள், அதை எந்தப் பாடத்துக்கும் எடுக்கக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். காலைப் பயிற்சிக்குக் கேட்டைத் திறங்கள். மாணவியர் கழிப்பறை இப்போது எட்டரைக்குத்தான் திறக்கிறது, அதன் சாவி ஒன்றை என்னிடம் கொடுங்கள். உடை மாற்ற, அதை ஒட்டிய பொருள் அறையைக் காலி செய்து தாருங்கள், நானும் பிள்ளைகளுமே சுத்தம் செய்துகொள்கிறோம். ஷெட் வேலையை உடனே நிறுத்தி, சைக்கிள் ஸ்டாண்டு இடத்துக்கு மாற்றுங்கள். சுற்றுச்சுவரை அடுத்த மழைக்கு முன் கட்டி முடியுங்கள், அதுவரை காலை ஆறு முதல் எட்டு வரை அந்த இடைவெளியில் காவலாளியை நிறுத்துங்கள். படம் எடுப்பவர்கள்மீது பள்ளியின் பெயரிலேயே காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். எழுதித் தர நான் தயார், கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான கோரிக்கை. குறுவட்டத்திலிருந்து மாநிலம் வரை எந்தப் போட்டிக்கு மாணவிகள் தேர்வானாலும் துணைக்குப் பெண் ஆசிரியை இல்லை என்ற காரணத்துக்காக ஒரு பெயரும் நீக்கப்படக் கூடாது. நான் போக முடியாத நாளில் யார் போவார் என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே இரண்டு ஆசிரியைகளின் பெயரை முடிவு செய்து அறிவிப்புப் பலகையில் போடுங்கள். அவர்களுக்குப் பணி விடுப்பும் பயணச் செலவும் பள்ளி தர வேண்டும்.

பெற்றோர் ஆசிரியர் கழகத்தினருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள்: வரும் கூட்டத்தில் இதைப் பொருள் நிரலில் சேர்த்து, என்னையும், ஓடுகிற மாணவிகளில் இருவரையும், அவர்களின் அம்மாக்களையும் பேச அழையுங்கள். குறுவட்டப் போட்டிகள் நெருங்குகின்றன. கூட்டம் முடிந்த ஒரு வாரத்துக்குள், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஆம், இல்லை என்று எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை,
சேலம்